ஏழாம் இலக்கத் தாடை

அன்பு மகளுக்கு வாப்பாவின் ஸலாம்.

இந்தக் கடிதம் உன் கண்ணில் படும்போது நீ மேலும் படிக்க ஜப்பானில் இறங்கி, பெட்டியைத் திறந்து, குளிருக்குச் சட்டை தேடிக்கொண்டிருப்பாய். உம்மாதான் இதைக் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் வைக்கப் போகிறாள். நான் கையில் தந்தால் நீ அந்த இடத்திலேயே பிரித்து, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசிப்பாய். அதைத் தாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடியாது. மடவளையில் முப்பது வருஷமாக இறைச்சிக்கடை நடத்துகிறேன். எந்த மனுஷனோடும் பேச எனக்குக் கூச்சமில்லை. உன்னிடம் மட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னதேயில்லை. நீ போவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று உன் பழைய கொப்பி ஒன்றில் மிஞ்சியிருந்த தாள்களை எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? பல் வைத்தியம் படிக்க இடம் கிடைக்கும் என்று உன் டீச்சர் போன் எடுத்துச் சொன்னார். நான் என்ன சொன்னேன்? “பக்கத்துப் பள்ளிக்கூடத்தில டீச்சர் வேலை பார்த்தாப் போதுமே மகள், எதுக்கு இவ்வளவு வருஷம்?” என்றேன். நீ சண்டை போடவில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாய். உம்மா அன்றிலிருந்து மூன்று நாள் எனக்குத் தேத்தண்ணீர் வைத்தாள், ஆனால் பேசவில்லை. நாலாம் நாள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். பெரிய மனசால் போட்டேன் என்று நீ நினைத்திருந்தால் அது பிழை. வீட்டில் யாரும் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியாமல்தான் போட்டேன். ஆனால் போட்டது நல்லது. அந்தப் பேனாவை இன்றைக்கும் நல்ல பேனா என்றே நினைக்கிறேன்.

பிறகு நீ வைத்தியராகி, மேற்படிப்பும் தொடங்கி, ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து நின்றாய். கடைக்கு நீ வருவதே அபூர்வம். “வாப்பா, எனக்கு ஆட்டுத் தாடை வேணும். கீழ்த்தாடை, பன்னிரண்டு. பல்லெல்லாம் ஒழுங்கா ஈக்கோணும்” என்றாய். இறைச்சி வாங்க நின்ற ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துவிட்டேன். “பல் டொக்டர் இப்ப ஆட்டுக்கும் பல் கட்டப் போறாவா?” என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அன்று கடைக்குப் பின்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்து எனக்கு விளங்கப்படுத்தினாய். ஆளின் தலையைச் சுற்றி ஒரு கை சுழன்று வந்து, தாடை எலும்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரிக் கொம்பியூட்டரில் காட்டுகிற மெஷின் ஒன்று உங்கள் வைத்தியசாலையில் இருக்கிறது. அந்தப் படத்தில் அளந்துதான் டொக்டர்மார் எலும்பில் எவ்வளவு ஆழம் துளைக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். எலும்புக்குள்ளே நரம்பு ஓடுகிறது. படம் ஒரு மில்லிமீட்டர் பொய் சொன்னால் அந்த ஆளின் உதடு காலம் பூராவும் மரத்துப் போகலாம்.

“அப்ப நீ என்ன செய்யப் போற?”

“எலும்ப நேரா கையால அளக்கிற. பிறகு மெஷின்ல படம் எடுத்து, படத்திலயும் அளக்கிற. ரெண்டும் ஒண்டா எண்டு பார்க்கிற. அவ்வளவுதான், வாப்பா.”

அவ்வளவுதான் என்று நீ சொன்னதை நான் நம்பினேன். பிறகுதான் தெரிந்தது அது எவ்வளவு என்று. தாடைகளை நான் பின்முற்றத்தில் அவித்துச் சதை நீக்கினேன். தன் பெரிய சட்டியை எடுத்ததற்காக உம்மா இன்னும் என்னை ஏசுகிறாள். நீ ஒவ்வொரு தாடையிலும் ஆறு இடத்தில், பல் வேரை அடைக்க வைத்திருக்கும் இளஞ்சிவப்புப் பொருளில் மிளகை விடச் சின்னத் துண்டு வெட்டி ஒட்டினாய். ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கம் எழுதினாய். திரையில் இலக்கம் காட்டும் கலிப்பரால் ஒரு துண்டிலிருந்து மற்றத் துண்டுக்கு அளந்தாய், எழுதினாய், மறுநாள் திரும்ப அளந்தாய். சாப்பாட்டு மேசை முழுக்க எலும்பு. நாங்கள் மூன்று பேரும் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். நான் ஒரு துண்டு இறைச்சியைக் கையில் தூக்கியே நிறை சொல்லுகிறவன். பத்துக் கிராம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கேட்பதில்லை. என் மகள் தலைமுடியின் தடிப்பைப் பற்றிக் கவலைப்படுவதைப் பார்க்க எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் வினையாகிப் போனது.

கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியாரை உனக்குத் தெரியும். “பொம்பளப் புள்ளய இவ்வளவு படிக்க வெச்சு என்னத்தக் கண்டீங்க?” என்று அவர் கேட்டது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஒரு புதன்கிழமை நீ வைத்தியசாலைக்குப் போன பிறகு, மேசையிலிருந்து ஒரு தாடையைத் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் இலக்கம். அவருக்குக் காட்டத்தான். எடுத்துக்கொண்டு போன விஷயம் உனக்குத் தெரியும். யாருக்காக என்பதை நான் உன்னிடம் சொன்னதில்லை. ஹாஜியார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, “இதென்ன, ஆட்டுத் தல தானே” என்று திரும்பத் தந்தார். வாங்கும்போது என் கை வழுக்கிவிட்டது. தாடை சீமெந்துத் தரையில் விழுந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு இளஞ்சிவப்புத் துண்டு மட்டும் கழன்று வந்துவிட்டது.

அந்த நேரமே உனக்குப் போன் எடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பதிலாக முன்கடையில் ஒரு சின்னக் குழாய்ப் பசை வாங்கி, துண்டு முன்பு இருந்த இடத்தைக் கண்ணால் மட்டிட்டு ஒட்டினேன். எலும்பில் பழைய பசையின் அடையாளம் லேசாகத் தெரிந்தது, அதற்கு மேலேயே வைத்தேன் என்றுதான் நினைத்தேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தேன், கிட்டப் பிடித்துப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வைத்தேன். நீ பின்னேரம் வந்து, பன்னிரண்டையும் பெட்டியில் அடுக்கி, அடுத்த நாள் எடுத்துக்கொண்டு போனாய். உன் கையால் அளக்கிற வேலை அதற்கு முதல் நாளே முடிந்திருந்தது.

அடுத்த கிழமை நீ வீட்டுக்கு வந்த கோலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தாய். ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் படத்தில் அளந்ததும் கையால் அளந்ததும் அப்படியே பொருந்தியிருக்கிறது. ஏழாவதில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். திரும்பத் திரும்ப மூன்று தரம் படம் எடுத்தும் அதே வித்தியாசம். சதை மாதிரி இருப்பதற்காகத் தாடைகளை மெழுகில் பதித்திருந்ததால், எல்லாப் படமும் எடுத்து முடியும் வரை வெளியே எடுத்துக் கையால் அளக்க வழியில்லை. “நேத்து வரைக்கும் சரியா ஈந்த மெஷின் இண்டைக்குப் பிழைச்சிட்டுதோ தெரியா” என்றாய். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “இந்தத் தாடைகள யாரும் தொட்டீங்களா?” என்று கேட்டாய்.

நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். உம்மா, “நான் மேச துடைக்கக்குள்ள தட்டோட தூக்கி வெச்சேன்” என்றாள். நீ அவள் மீது பாய்ந்தாய். தொடவேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன் என்று சத்தம் போட்டாய். பிறகு நீயே, தட்டைத் தூக்கினால் ஒட்டிய துண்டு நகராது என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாய். உம்மா துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள். நான் தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நிமிஷங்களை வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பது அதுதான் மகள். தாடையைக் கீழே போட்டதுகூட இல்லை.

நீ கண்டதை உன் மேடத்திடம், உன் மேற்படிப்பைப் பார்க்கிற பெரிய டொக்டரிடம், சொன்னாய். அவர் உன்னை நம்பினார். ஒரு மில்லிமீட்டர் என்றால் சின்ன விஷயமில்லை, நோயாளிகளின் விஷயம் என்று மெஷினை நிறுத்தி வைத்தார். கொழும்பிலிருந்து சோதனைக் கட்டை ஒன்று, உள்ளே உலோக மணிகள் வைத்து, மணிக்கு மணி தூரம் சரியாகத் தெரிந்த கட்டை, வரும் வரைக்கும் யாருக்கும் படம் எடுப்பதில்லை என்று முடிவானது. இதெல்லாம் நீ வீட்டில் சொன்னாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எப்படியும் அவர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவார்கள், நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் லோகு கடைக்கு வந்தான். குண்டசாலையில் ஆட்டோ ஓட்டுகிறவன், அவனை உனக்குத் தெரியாது. வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவன், அன்று முகம் வாடியிருந்தது. என்னடா என்றேன்.

“அம்மாவுக்குத் தாடை வீங்கியிருக்கு மொதலாளி. மூணு வாரம் காத்துக் கெடந்து படம் எடுக்கத் தேதி கெடைச்சிச்சு. நேத்து கூட்டிட்டுப் போனா, மெஷின நிப்பாட்டிட்டாங்களாம். படம் இல்லாம டாக்டர் கத்தி வைக்க மாட்டேங்கிறாரு. அம்மா கஞ்சிகூட குடிக்க முடியாம கெடக்கிறாங்க.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவன் என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரிச் சொன்னான்: “ஆனா நல்லதுதான் மொதலாளி. யாரோ ஒரு டாக்டர் பொண்ணுதான் மெஷின்ல பிழை இருக்குன்னு கண்டுபுடிச்சிச்சாம். அது இல்லன்னா எங்கம்மாவுக்குத் தப்பா வெட்டியிருப்பாங்க. அந்தப் புள்ள நல்லா இருக்கணும்.”

அவன் கேட்டதைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடைக் கதவை இழுத்துப் பூட்டினேன். முதல் பஸ்ஸில் ஏறினேன். நான் நேராக உன்னிடம் வந்தேன் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியில்லை. கட்டுகஸ்தோட்டையில் இறங்கிவிட்டேன். பாலத்தின் நடுவில் போய் நின்று, திரும்பி வீட்டுக்கு நடக்கலாமா என்று யோசித்தேன். உன் மேடத்துக்கு முன்னால், வெள்ளைச் சட்டை போட்ட இவ்வளவு படித்த ஆட்களுக்கு முன்னால், இறைச்சிக்கடைக்காரன் போய் நான்தான் கீழே போட்டேன் என்று சொன்னால் உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். உனக்காகப் பயப்படுகிற மாதிரித்தான் இருந்தது அந்த நினைப்பு. கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் விளங்கியது, நான் பயந்தது எனக்காக. அந்தப் பக்கம் வந்த கண்டி பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

மெஷின் அறைக்கு வெளியில் நீயும் மேடமும் நின்றீர்கள். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லி முடித்தேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ பையைத் திறந்து கொப்பியை எடுத்தாய்.

“என்ன நாள், வாப்பா?”

“புதன்.”

“எந்தத் துண்டு? வலப் பக்கமா, இடமா?”

“வலம். கடைசிப் பல்லுக்குக் கீழ.”

“என்ன பசை?”

எல்லாவற்றையும் எழுதினாய். எழுதி முடித்துவிட்டு மேடத்திடம் சிங்களத்தில், “அப்படியென்றால் மெஷின் சரியாக இருக்கலாம்” என்றாய். அந்த ஒரு வசனத்தில் உன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். என் மீது கோபப்படுவதற்கு முன்னால் நோயாளிகளை நினைத்துச் சந்தோஷப்பட்டாய். கோபம் பிறகு பஸ்ஸில் வந்தது. வீடு வரைக்கும் யன்னலுக்கு வெளியில்தான் பார்த்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போது, “உம்மாவ ஏசினேனே வாப்பா, அப்ப நீங்க அங்கதானே ஈந்தீங்க” என்றாய்.

அடுத்த நாள் சோதனைக் கட்டை வந்தது. மெஷின் சரியாக இருந்தது. லோகுவின் தாய்க்கு முதல் ஆளாகப் படம் எடுத்தார்கள். வீக்கத்துக்குக் காரணம் ஒரு நீர்க்கட்டி. அதை வெட்டி எடுத்த பிறகு அந்த அம்மா நன்றாக இருக்கிறார், லோகுவுக்கும் பழைய வாய் திரும்பியிருக்கிறது. அவனிடமும் உண்மையைச் சொன்னேன். ஒரு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை, பிறகு வந்தான். உனக்குத்தான் நட்டம். மேடம் பன்னிரண்டையும் புதிதாக ஒட்டி, முதலிலிருந்து அளக்கச் சொன்னார். கொழும்பில் பெரிய வைத்தியர்களுக்கு முன்னால் உன் வேலையைப் பற்றிப் பேசக் கிடைத்திருந்த இடம் கை நழுவிப் போனது. அதை நீ ஒரு தரம்கூடச் சொல்லிக் காட்டவில்லை.

உம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டது போன கிழமைதான். இவ்வளவு காலம் ஏன் கேட்கவில்லை என்று கேட்காதே. நீ வெளியே போயிருந்த நேரம், அவள் உன் பெட்டிக்குச் சட்டை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தாமலே, “எனக்கு அண்டைக்கே தெரியும். பசை உங்கட விரல்ல காஞ்சி போய் ஈந்திச்சு” என்றாள். பிறகு ஏன் ‘தட்டோட தூக்கி வெச்சேன்’ என்று மட்டும் அன்றைக்குச் சொன்னாய் என்று கேட்டேன். “தூக்கினது உண்ம தானே. அதோட, மத்தத நீங்களாச் சொல்வீங்க எண்டு பார்த்துக்கொண்டு ஈந்தேன்” என்றாள். எட்டு நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், மகள். இப்படி ஒருத்தியோடு வாழக் கிடைத்ததற்கு நான் என்ன நன்மை செய்தேனோ தெரியாது. உனக்கும் ஒரு நாள் கல்யாணம் நடக்கும். வருகிறவன் எவ்வளவு உழைக்கிறான், எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் மற்றவர்கள் விசாரிப்பார்கள். பிழை விட்டால் எத்தனை நாளில் வாயைத் திறக்கிறான் என்பதை நீ விசாரி. என்னை விடக் குறைந்த நாளாக இருந்தால் நல்லது.

இனிச் சொல்லப் போவது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எனக்குள்ளே அது எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது. திரும்ப ஒட்டி, திரும்ப அளந்து முடித்த பிறகு நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் வந்து நின்றாய். இரண்டாவது ஆள் ஒருவர், உன் இலக்கங்களைப் பார்க்காமல், தனியாக அளக்க வேண்டும் என்று மேடம் சொன்னதாகச் சொன்னாய். “கை நடுங்காத ஆள் வேணும்” என்று கலிப்பரை என் கையில் வைத்தாய். உலகத்தில் எத்தனையோ ஆட்கள் இருந்தார்கள். உன்னோடு படித்தவர்களே இருந்தார்கள். என் கையில் வைத்தாய். நான் மூன்று நாள் கடையை மூடினேன். பின்னேரம் வரை யன்னலோரம் உட்கார்ந்து அளந்தேன். உம்மா பக்கத்தில் இருந்து எழுதினாள். கத்தி பிடித்துப் பழகிய விரலுக்கு அந்தச் சின்னச் சக்கரத்தை மெதுவாகத் தள்ளப் பழக ஒரு நாள் போனது.

நாலாம் நாள் நீ இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை இழுத்துக்கொண்டு போனாய். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாம் தாடையில் விரல் நின்றது. உன் கொப்பியில் முப்பத்திரண்டு தசம் நாலு. என்னுடையது முப்பத்து நாலு தசம் இரண்டு. “நான்தான் பிழை விட்டிருப்பேன். உன்ட இலக்கத்தையே போடு, மகள்” என்றேன்.

“அப்பிடிப் போடேலா, வாப்பா. திரும்ப அளக்கோணும்.”

“அப்ப நீயே அள.”

“நானும் வேணாம், நீங்களும் வேணாம்” என்று சொல்லிவிட்டு உம்மாவைப் பார்த்தாய். உம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கலிப்பரை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். “முப்பத்து நாலு” என்றாள். நிறுத்தி, திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், “தசம் ரெண்டு” என்றாள்.

நீ உன் கொப்பியைக் குனிந்து பார்த்தாய். அளந்தது சரி, எழுதும்போது இலக்கம் இடம் மாறிவிட்டது. “வாப்பா, பிழை என்ட” என்று சிரித்தாய். கண்ணில் தண்ணீரும் வந்தது. பிறகு நீ அழிறப்பரை எடுக்கவில்லை. பழைய இலக்கத்தின் மேல், அது வாசிக்கத் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டாய். பக்கத்தில் சரியானதை எழுதி, திகதி போட்டு, உன் சின்னக் கையெழுத்தை வைத்தாய். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் எட்டு நாள் சுமந்துகொண்டு திரிந்த வேலையை நீ அரை நிமிஷத்தில் செய்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு அசருக்குப் பள்ளிவாசலுக்குப் போய், தொழுது முடித்த பிறகும் எழும்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

ஹாஜியார் நேற்றும் கேட்டார், தனியாக அவ்வளவு தூரம் அனுப்புகிறீர்களே, பயமில்லையா என்று. இல்லை என்றேன். அது பொய்யில்லை. குளிரை நினைத்தால் கவலைதான், சாப்பாட்டை நினைத்தால் கவலைதான், ஹலால் கடை தூரமாக இருந்தால் மீனை வாங்கிச் சமாளித்துக்கொள். ஆனால் உன்னை நினைத்துப் பயமில்லை. அங்கே இருக்கிற மெஷின்கள் இதைவிடப் பெரிசு, ஆட்கள் இதைவிடப் படித்தவர்கள், அவர்களுக்கு முன்னாலும் நீ ஒரு நாள் பிழை விடுவாய். பிழை விட்ட அன்றைக்கே அந்த ஆட்களிடம் சொல்லிவிடு, பிறகு எங்களுக்குப் போன் எடு. உம்மா முதலில் ஏசுவாள். நான் போனை வாங்கி, என்ன நாள், எந்தப் பக்கம் என்று கேட்பேன்.

போய் வா மகள்.

உன் வாப்பா